வெள்ளிக்கிழமை வெயில்

குவைத்
09.02.2024

அன்புள்ள கிஷானி அப்பாவுக்கு,

சுதா எழுதிக்கொள்வது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் மகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் தினமும் படுக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் வேலை செய்கிற வீட்டு மேடம் வெள்ளிக்கிழமை மட்டும் போனைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுகிறார். பாஷை தெரியாவிட்டாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புருசன் பெண்சாதி பேச்சை அப்படி எப்படிப் பேசுவது? இந்த வீட்டு டிரைவர் றினாஸ் நம் ஊர்ப் பக்கம், பண்டாரவளைக்காரர். ஊருக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்து இதை அங்கே தபாலில் போடச் சொல்கிறேன் என்றார். நீங்கள் அவருடைய தபால் பெட்டிக்கு எழுதுங்கள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. போன வாரம் எனக்கென்று காய்ந்த மிளகாயில் கொஞ்சம் கட்டச்சம்பல் இடித்து வைத்திருந்தேன். இந்த வீட்டுச் சின்னவன் ஏதோ ஜாம் என்று நினைத்து வாயில் அள்ளிப் போட்டுவிட்டு வீடே அதிரக் கத்தினான். மேடம் என்னைத் திட்டத் தொடங்கி, பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி மனதில் இருப்பதைக் கேட்கிறேன். கோபப்படாதீர்கள். தீபாவளிக்குப் பிறகு உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கேட்டால் போன் கேமரா உடைந்துவிட்டது என்கிறீர்கள். போன கிழமை கிஷானி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்தை அனுப்பினாள். எந்தப் போனில் எடுத்தது என்று கேட்டேன். "அப்பா போன்ல தாம்மா" என்றாள். உடனே அவள் பக்கத்தில் யாரோ "ஸ்" என்ற மாதிரி இருந்தது. லைன் கட்டாகிவிட்டது.

நான் சந்தேகப்படுகிற பெண் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கேட்கத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
சுதர்சினி


மேல்கணக்கு லயம்,
பசறை
27.02.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிஷானி பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். சம்பல் கதையை லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். ஓட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளை இவளை விட ஒரு முழம் உயரமாம். அதனால் அது கணக்கில்லையாம்.

நான் கவ்வாத்து வேலையை விட்டுவிட்டேன். நாள் முழுக்கக் குனிந்து தேயிலைச் செடி வெட்டுவது இடுப்புக்கு ஒத்துவரவில்லை. தேயிலைப் பக்டரியில் ராத்திரி வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரியில் கிஷானி பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவிடம் படுத்துக்கொள்கிறாள். அதனால்தான் நீ கூப்பிடும்போது சில நாள் நான் தூக்கத்தில் இருக்கிறேன்.

கேமரா சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. பெரிய விஷயமாக எடுக்காதே.

அந்த றினாஸ் என்பவருக்கு என்ன வயது? கல்யாணம் ஆனவரா? நானும் கேட்கத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
இந்திரஜித்


குவைத்
19.03.2024

கிஷானி அப்பாவுக்கு,

றினாஸுக்கு இருபத்தாறு வயது. போன வருடம் கல்யாணம் ஆனது. பெண்சாதி பெயர் றஷீதா. என்னை அக்கா என்று கூப்பிடுகிறார். பாருங்கள், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு பக்கம் எழுதியும் கேமராவுக்குப் பதில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் தூங்குகிறீர்கள் என்று புஷ்பம் அக்காதான் போனை எடுத்தார். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்: "ஒன் வீட்டு ஜன்னலுக்கு உள்ள கறுப்பு பொலித்தீன் அடிச்சிருக்கு சுதா. பகல்ல கதவே தொறக்கிறதில்ல. பொழுது சாஞ்சா மேலெல்லாம் மூடிக்கிட்டு எறங்கிப் போறாரு. யாரு கூப்பிட்டாலும் நின்னு பேசுறதில்ல. எனக்கென்னமோ மனசு சரியில்ல."

பக்டரித் தூசு மூக்குக்கு ஒத்துக்காது என்று, கல்யாணமான புதிதில் உங்கள் அண்ணன் வாங்கித் தந்த வேலையையே வேண்டாம் என்றவர் நீங்கள். இப்போது அதே வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதுவும் ராத்திரி வேலை.

பிறகு கிஷானி போனை வாங்கினாள். பசறைக்குப் போனோம் என்றாள். "மருந்துக் கடையில ஸஜீதா ஆன்ட்டி அப்பா கையப் புடிச்சு கிரீம் பூசி விட்டாங்கம்மா. அப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. நீங்க யாரோ இல்லயே, அதான் சொல்றேன்."

மேடம் எதிரில் உட்கார்ந்திருந்ததால் சிரித்துக்கொண்டே கேட்டேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த்தான் அழுதேன்.

யார் அந்த ஸஜீதா? அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது இருக்கிறதென்றால் இருக்கிறது என்று எழுதுங்கள். பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதீர்கள்.

சுதர்சினி


பசறை
07.04.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நான் எழுதப் போவதை முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு திட்டு.

போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். லயத்தில் பாதிப்பேருக்கு வந்த வைரஸ் காய்ச்சல்தான். எல்லோருக்கும் போய்விட்டது. எனக்கும் போய்விட்டது என்றுதான் மலைக்கு ஏறினேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாள். மத்தியானமே முகம் எரிந்தது. மறுநாள் இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்துவிட்டது. கழுத்தில் காலர் வரைக்கும் தடிப்பு. கையில் சட்டையை மடித்துவிட்ட இடம் வரைக்கும் தடிப்பு. துணி மூடின இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ சுண்ணாம்பால் கோடு போட்டு இதுவரைக்கும் உனக்கு, இதுவரைக்கும் எனக்கு என்று பிரித்த மாதிரி.

தேயிலைக்கு அடித்த மருந்து பட்டிருக்கும் என்று நினைத்து, பசறையில் ஒரு மருந்துக் கடையில் களிம்பு கேட்டேன். அங்கே வேலை செய்கிறவர்தான் ஸஜீதா. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் களிம்பு தர மாட்டேன் என்றுவிட்டார். "இது மருந்து பட்டதில்ல. எங்கட ராத்தாவுக்கும் இப்படித்தான் வந்திச்சு. பதுளைக்குப் போய் தோல் டொக்டருக்குக் காட்டுங்க" என்றார். அக்காவைத்தான் அவர்கள் ராத்தா என்கிறார்கள்.

பதுளை கிளினிக்கில் ஒரு அம்மா டொக்டர். இரத்தம் எடுத்து, தோலில் ஒரு துண்டு எடுத்து, பிறகுதான் பெயர் சொன்னார். லூபஸ். நான் முழித்ததைப் பார்த்து நிதானமாக விளங்கப்படுத்தினார்: "வைரஸ் உள்ள வந்தா தோல்ல இருக்கிற செல்கள் அபாயச் செய்தி ஒண்ணு அனுப்பும். அதைக் கேட்டு உடம்பு சண்டைக்கு வரும். சண்டை முடிஞ்சா செய்தியும் நிக்கணும். உங்களுக்கு நிக்கல்ல. தோல் எப்பவும் உசாராவே இருக்கு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டு நாலு செல் செத்தாலும், எதிரி திரும்ப வந்துட்டான்னு நினைச்சு சொந்த உடம்பையே அடிக்குது. சந்தேகம் பிடிச்ச தோல்னு வச்சுக்கோங்களேன்."

"அந்தக் காய்ச்சலாலதான் வந்துச்சாங்க?" என்று கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாதாம். முதலே உள்ளே இருந்ததை அது எழுப்பி விட்டிருக்கலாமாம். மூடுபனி நாளில் மலைக்குப் போகலாமா என்றேன். பனிக்குள்ளாலும் அந்தக் கதிர் வருமாம். மலையில் இன்னும் கூடுதலாம். கவனமில்லாமல் இருந்தால் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்கும் போகும் என்று சொல்லி மாத்திரை தந்தார்.

அதனால்தான் ராத்திரி வேலை. அதனால்தான் பொலித்தீன். பக்டரித் தூசுக்கு வாயில் துணி கட்டிக்கொள்கிறேன். வெயில் கிரீமைக் கஞ்சத்தனமாகத் தொட்டுப் பூசினேன் என்று, ஸஜீதா என் கையைப் பிடித்து எவ்வளவு பூச வேண்டும் என்று காட்டினார். அவ்வளவுதான். அவர் கிழவி என்று சொன்னால் உனக்கு நிம்மதியாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், உன் வயதுதான்.

ஏன் மறைத்தேன்? இந்த நோய் கூடுதலாகப் பெண்களுக்குத்தான் வருமாம். கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருவன்தான் ஆம்பிளை. அந்த வெட்கம் ஒன்று. லயத்தில் தெரிந்தால் தொற்றுநோய் என்று கிஷானியோடு பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்று. தொற்றாது என்று டொக்டர் சொன்னார். அதை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாவற்றுக்கும் மேல், நீ பார்த்துவிட்டுப் போன முகம் இப்போது என்னிடம் இல்லை சுதா.

உன்,
இந்திரஜித்


குவைத்
26.04.2024

கிஷானி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் அழுகை வந்தது. பிறகு யோசனை வந்தது.

வெயில் பட்டால் வருகிற வியாதியா? அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் அப்பா, உங்கள் அண்ணன், எங்கள் வீட்டு ஆட்கள், எல்லோரும் அந்த மலையில் வெயிலில் நின்றவர்கள்தானே. காய்ச்சல் வந்தவர்களும் எத்தனையோ பேர். உங்களுக்கு மட்டும் சூரியன் எதிரியாகிவிட்டதா?

இன்னொன்று. அபாயச் செய்தி, புற ஊதாக் கதிர், செல் சாவது. நீங்கள் எழுதுகிற தமிழா அது? எனக்கு நீங்கள் எழுதின கடிதங்கள் எல்லாவற்றிலும் மழையும் கிஷானியும்தான் இருக்கும். இது யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. மருந்துக் கடையில் இருப்பவருக்கு இந்த வார்த்தைகள் எல்லாம் தெரிந்திருக்கும்.

நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இங்கே என்னோடு வேலைக்கு வந்த ஒருத்தியின் புருசன் இரண்டு வருடம் முதுகுவலி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஊருக்குப் போனபோது வீட்டில் வேறொருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை. வெசாக் லீவு, கிஷானியும் வீட்டில் இருப்பாள். காலை பத்து மணிக்கு எனக்குப் போன் கிடைக்கும். அங்கே பன்னிரண்டரை. கேமராவைப் போட்டு, போனைத் தண்ணீர்த் தொட்டிக் கட்டின் மேல் வைத்துவிட்டு, தள்ளி வெயிலில் நில்லுங்கள். தொப்பி வேண்டாம். நீட்டுக் கை சட்டை வேண்டாம். வெயில் பட்டால் என்ன ஆகிறது என்று நானும் பார்க்கிறேன்.

சுதர்சினி


பசறை
12.05.2024

சுதாவுக்கு,

நிற்கிறேன். நீ போதும் என்றதும் உள்ளே போய்விடுவேன்.

இந்திரஜித்


குவைத்
25.05.2024

என் அன்புள்ள கிஷானி அப்பாவுக்கு,

நேற்று என்ன நடந்தது என்று இன்னும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொப்பியைக் கழற்றியதும் பார்த்தேன். கன்னத்தில் இருந்த தழும்பையும், மூக்கின் மேல் இருந்த கறுப்பையும், நெற்றியோரம் முடி கொட்டியிருந்ததையும் பார்த்தேன். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றீர்கள். அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "போதும், உள்ள போங்க" என்றேன். அதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் கையைப் பாதி தூக்கினபடி அசையாமல் இருந்தீர்கள். சிக்னல் போய்விட்டது. "போங்க, உள்ள போங்க, கிஷானி, அப்பாவ உள்ள கூட்டிட்டுப் போ" என்று கத்தினேன். எழுந்து நின்று கத்தினேன். மேடம் பயந்துபோய்ப் போனைப் பிடுங்கிவிட்டார். காலைப் பிடித்துக் கேட்டும் திருப்பித் தரவில்லை. இனி வெள்ளிக்கிழமையும் போன் கிடையாது என்றுவிட்டார்.

உடனே உள்ளே போனீர்களா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள்,
சுதா


பதுளை ஆஸ்பத்திரி
06.06.2024

சுதர்சினிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. போனும் இல்லை.

பன்னிரண்டரைக்கு நின்றேன். நீ சொன்ன மாதிரியே தொப்பி இல்லாமல், நீட்டுக் கை சட்டை இல்லாமல், கிரீமும் பூசாமல் நின்றேன். பூசினால் அதையும் சந்தேகப்படுவாய் என்று நினைத்தேன். நான் நின்ற இடத்திலிருந்து போன் திரை தெரியவில்லை. வெயில் அதில் பட்டு மின்னியது. உன் சத்தமும் வரவில்லை. நீ பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நின்றேன். கிஷானி தொட்டி நிழலில் நின்று "வாங்கப்பா, வாங்கப்பா" என்று கூப்பிட்டாள். "அம்மா சொல்லட்டும்" என்றேன். கடைசியில் புஷ்பம் அக்கா ஓடி வந்து சேலையால் மூடி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு முகம் மட்டும்தான் எரிந்தது. நாலைந்து நாள் போய்க் காய்ச்சல் வந்தது. பிறகு கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. சிறுநீரகத்திலும் தொடங்கிவிட்டது என்று சொல்லி வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். ஊசியில் பெரிய மருந்து ஏற்றுகிறார்கள். முகம் ஊதிக் கிடக்கிறது.

அந்த அம்மா டொக்டர் வந்து பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சும் என்னத்துக்கு வெயில்ல நின்னீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரி பாக்கணும்னு சொன்னா."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நானும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாயே, பார்த்துவிட்டாயா? நான் மறைத்தது பிழைதான். அதற்கு இவ்வளவு நேரம் நிற்க வைத்திருக்க வேண்டாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிஷானி புஷ்பம் அக்காவிடம் இருக்கிறாள். பிள்ளைக்கு எழுத வேண்டுமென்றால் எழுது. எனக்கு எழுத வேண்டாம்.

இந்திரஜித்


குவைத்
24.06.2024

கிஷானி அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

என் கடிதமும் உங்கள் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையது லயத்துக்கு வந்திருக்கும். அதில் எழுதியிருப்பது உண்மை. உங்களை நான் நிற்க வைக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்த அடுத்த நிமிடமே போதும் என்றேன். அது உங்களுக்கு வந்து சேரவில்லை.

இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. நான் கத்தினது அவருக்குத் தெரியும், என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. றினாஸ் வெளியே காரில் இருந்தார். சிக்னல் நின்றுபோனதை எடுத்துக் காட்டவும் வழியில்லை. நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டு இப்போது கதை கட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், அது பிழை என்று காட்ட என்னால் முடியாது. உங்கள் வார்த்தையை வார்த்தையாக எடுக்காமல் வெயிலில் நின்று காட்டச் சொன்னவள் நான். எந்த வாயால் என்னை நம்புங்கள் என்று கேட்பேன்? ஆனாலும் கேட்கிறேன்.

றினாஸின் போனில் லூபஸ் என்று போட்டுத் தேடிப் பார்த்தோம். உங்கள் முகத்தில் இருந்தது போலவே வரிசையாகப் படங்கள் வந்தன. மேலே பார்க்க முடியாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதம் எழுதுவதற்கு முன்னால் அதைத் தேடியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. சண்டை பிடிக்கத்தான் தோன்றியது.

ஏஜென்சியில் கேட்டுவிட்டேன். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்களாம். டிசம்பரில்தான் வரலாம். நான் அந்த வீட்டுக்கு வரலாமா, அம்மா வீட்டுக்குப் போகவேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

சுதா


மேல்கணக்கு லயம்,
பசறை
14.07.2024

அன்புள்ள சுதாவுக்கு,

போன கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து பார்த்தால் உன் மே மாதக் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. இன்னொன்று நேற்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தேன்.

கால் வீக்கம் வற்றிவிட்டது. சிறுநீரகம் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். மாதாமாதம் பதுளைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்விட்டு, அடைத்த வேனில் திரும்பி வருகிறேன். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் வந்து இருட்டு வீட்டுக்குள்ளேயே கிஷானியோடு விளையாடுகிறார்கள். புஷ்பம் அக்கா, உன்னிடம் அப்படிச் சொன்னதற்காக என் முகத்தைப் பார்க்காமலே தினமும் சோறு கொண்டுவந்து வைக்கிறார். ஸஜீதாவின் ராத்தாவும் கணவரும் ஒரு பொழுதுபட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினைந்து வருடமாக இந்த நோயோடு இருக்கிறாராம். கணவரோடு ஏதோ சின்னப் பேச்சுக்குச் சண்டை பிடித்துக்கொண்டே வந்தார். பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது.

டிசம்பரில் இங்கே வா. அம்மா வீட்டுக்குப் போகவேண்டாம். என் முகம் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். முதலிலேயே சொல்லி வைக்கிறேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை.

வார்ட்டில் கிடந்தபோது உன் மேல் நிறையக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நீ வருவதற்குள் அதுவும் குறையும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் பற்றிப் புஷ்பம் அக்காவிடம் சொன்னேன். "புள்ள போன் பக்கத்துல தானே நின்னுச்சு. அம்மா சத்தம் கேட்டுச்சா, படம் நின்னு போச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் தம்பி" என்றார். உண்மைதான். கிஷானி தொட்டி நிழலில் போனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு எதிரில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குச் செய்துகொண்டிருக்கிறாள்.

நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

உன்,
இந்திரஜித்